எல்லையை ஒட்டிய சின்னப் புறநகரில் குடியேறலாமா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்

புதுமனை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இரண்டு பிள்ளைகளோடு ஒரு சின்னப் புறநகருக்குக் குடிபோகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். பக்கத்து நாட்டின் எல்லை அங்கிருந்து நடந்து போகிற தூரம். என் கணவருக்கு வேலை எல்லைக்கு அந்தப் பக்கம், என் வேலை பெரும்பாலும் வீட்டிலிருந்துதான். தெருக்கள் அமைதியாக இருக்கின்றன, மரங்கள் இருக்கின்றன, அக்கம்பக்கத்தார் நின்று பேசுகிறார்கள், வாடகையும் எங்கள் கைக்குள் அடங்குகிறது. வீடு காட்டிய தரகர் "அந்தப் பக்கம் போக பத்து நிமிஷம்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லையோரம் வாழ்ந்து பழகியவர்கள் உண்மை நிலவரத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும். நல்லதும் கெட்டதும் இரண்டுமே வேண்டும்.

கோட்டோரம்

நான் இப்படி ஒரு பகுதியில் பல வருஷமாகக் குடியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பத்து நிமிஷத்தை மறந்துவிடுங்கள். எல்லை இருக்கிற ஊரில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது, வரிசையில்தான் அளக்க வேண்டும். மலேசியாவின் ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கிற பாலம் ஒரு கிலோமீட்டர் நீளம்தான், 1924இல் திறந்தது. நடந்தே கடந்துவிடலாம் போலத் தெரியும். ஆனால் அங்கே இருக்கிற இரண்டு கடவைகளிலும் சேர்த்து ஒரு நாளைக்கு மூன்று லட்சத்துக்கும் மேலான ஆட்கள் போய்வருகிறார்கள், காலை ஷிப்டுக்காக விடியும் முன்பே மோட்டார்சைக்கிளை எடுக்கிறவர்கள் ஏராளம். பள்ளி விடுமுறை தொடங்குகிற வெள்ளிக்கிழமை மாலை என்றால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். இப்போது கட்டப்படும் ரயில் பாதை வெறும் 4 கிலோமீட்டர், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரைக் கொண்டுபோகும்படி திட்டமிட்டிருக்கிறார்கள் என்றால் நெரிசலைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் எல்லை அவ்வளவு மோசமாக இருக்காது. ஆனாலும் தரகர் உங்களைக் கூட்டிப்போனது எந்த நாள், எந்த நேரம்? திங்கட்கிழமை காலை ஏழரைக்கு உங்கள் கணவர் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும், அப்புறம் ஒரு நீண்ட வாரயிறுதிக்கு முந்தைய நாள் மாலையும் போகட்டும். சராசரியாக இருபது நிமிஷம் என்றால் சமாளிக்கலாம். ஒருநாள் எட்டு நிமிஷம், மறுநாள் எழுபது என்றால்தான் கஷ்டம், ஏனென்றால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூப்பிட்டு வருவதாக யாரிடமும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொன்று, பிள்ளைகளைத் தனியாக ஒருவர் மட்டும் காரில் அந்தப் பக்கம் கூட்டிப்போனால், மற்ற பெற்றோரின் சம்மதக் கடிதம் எங்கே என்று கேட்கிற எல்லைகள் நிறைய இருக்கின்றன. நாங்கள் முன்சீட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லோருடைய பாஸ்போர்ட் நகல், பிறப்புச் சான்றிதழ் நகல், கையெழுத்துப் போட்ட கடிதம், நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று எல்லாம் வைத்திருப்போம். கடிதத்தில் தேதி பழசாகிவிட்டால் சந்தேகத்தோடு பார்ப்பார்கள், அதனால் அவ்வப்போது புதுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும். நாய் விஷயத்திலும் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் முதல் உள்ளே வருகிற எல்லா நாய்க்கும் ஆறு மாத வயது, மைக்ரோசிப், முன்கூட்டியே நிரப்பிய படிவம் என்று கட்டாயமாக்கியது. எல்லையோரத்தில் நாயோடு போய்வந்து பழகியவர்களுக்கு அது ஒரு புது வேலை.

நடுநிசி

ஃபோனைப் பற்றிச் சொல்லவில்லையே. வீட்டின் பின் அறையில் உட்கார்ந்தால் அந்த நாட்டு டவர் பிடிக்கும், முன் அறைக்கு வந்தால் நம் நாட்டு டவர். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளே 2017 ஜூனில் ரோமிங் கட்டணத்தை நீக்கிவிட்டார்கள், அங்கே இது ஒரு பிரச்சனையே இல்லை. மற்ற இடங்களில் படுக்கப்போகும்போது டேட்டாவை அணைக்காமல் விட்டால் மாதக் கடைசியில் பில் பயமுறுத்தும். நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றிவிடுங்கள், குடிபோன அன்றே. எல்லையில் நேர மண்டலமும் மாறுகிறது என்றால் அலாரத்துக்கு ஃபோனை நம்ப வேண்டாம், தனியாகக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலை_இல்லை

கோட்டோரம் சொன்னது எல்லாம் சரி, ஆனால் அவை எல்லை திறந்திருக்கிற நாளின் பிரச்சனைகள். நான் கேட்கச் சொல்வது வேறு. எல்லை மூடிய நாளில் உங்கள் பக்கத்தில் என்ன மிஞ்சும்?

பாயின்ட் ராபர்ட்ஸ் என்று ஓர் இடம் இருக்கிறது, வரைபடத்தில் தேடிப் பாருங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்தது, ஆனால் அமெரிக்காவோடு நிலத்தொடர்பு கிடையாது. 1846 ஒப்பந்தத்தில் 49ஆம் அட்சரேகையைக் கோடாக வரைந்தபோது, கனடாவிலிருந்து தெற்கே கடலுக்குள் நீண்டிருந்த ஒரு தீபகற்பத்தின் நுனி மட்டும் கோட்டுக்குக் கீழே மாட்டிக்கொண்டது. சுமார் 12 சதுர கிலோமீட்டர், 2020 கணக்கெடுப்பில் 1,191 பேர். மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் கனடா. வடக்கே வான்கூவரின் புறநகர் அப்படியே தொடர்ந்து வந்து கோட்டில் நிற்கிறது.

அங்கே குடியிருக்கிறவர் தன் சொந்த மாவட்டத் தலைநகருக்குச் சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் கனடாவுக்குள் நுழைந்து, சுமார் 40 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டும். பள்ளி சின்ன வகுப்புகளுக்கு மட்டும்தான். பெரிய பிள்ளைகள் பஸ்ஸில் கனடா வழியாக பிளெய்ன் என்ற ஊருக்குப் போகிறார்கள், போகவும் வரவும் சேர்த்து தினம் நாலு சோதனை. ஆஸ்பத்திரி கிடையாது. குடிதண்ணீர் கனடாப் பக்கத்திலிருந்து குழாயில் வருகிறது. இத்தனைக்கும் அது நொடிந்த ஊர் இல்லை, நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் போட, பார்சல் எடுக்க, விடுமுறை வீட்டில் தங்க என்று கனடாக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஊரின் வருமானமே அதுதான்.

2020 மார்ச் 21 அன்று இரண்டு அரசுகளும் அத்தியாவசியமில்லாத பயணத்தை நிறுத்தின. பெட்ரோல் நிலையங்கள் வெறிச்சோடின, பார்சல் கடைகள் சும்மா கிடந்தன, ஊரில் இருக்கிற ஒரே பெரிய மளிகைக் கடை தாக்குப்பிடிக்குமா என்று எல்லோரும் பயந்தார்கள். அந்த ஆகஸ்டில்தான் மாவட்டத் தலைநகரான பெல்லிங்ஹாமுக்கு ஓர் அவசரப் படகு விட்டார்கள். கனடா 2021 ஆகஸ்ட் 9 அன்று தடுப்பூசி போட்ட அமெரிக்கர்களுக்குத் திறந்தது, ஆனால் அமெரிக்கா நிலவழியை நவம்பர் 8 வரை திறக்கவில்லை. ஆக, ஒரு பக்கம் கதவு திறந்த பிறகும் அந்த ஊருக்கு வாடிக்கையாளர்கள் வர முடியவில்லை. அந்த மூன்று மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஊர்க்காரர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை, அவர்களைக் கேட்டு யாரும் முடிவெடுக்கவும் இல்லை. ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஓர் ஊர், இரண்டு தலைநகரங்களின் கண்ணிலும் படுவதில்லை.

அதனால் உங்கள் ஊரில் மளிகை, மருந்துக்கடை, பள்ளி, பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரி, தண்ணீர், மின்சாரம் ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான்கைந்து அந்தப் பக்கம் என்று வந்தால் இரண்டு முறை யோசியுங்கள்.

புதுமனை

படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது, ஆனால் நன்றி. எனக்கு ஒரு கேள்வி. நீங்கள் சொல்வது பெருந்தொற்றுக் காலம், நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருவது. அதற்காக நல்ல வீட்டை விட வேண்டுமா?

கோட்டோரம்

பெருந்தொற்று மட்டும் என்றால் நானும் விட வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் எல்லை இறுகுவதற்குக் காரணங்கள் வந்துகொண்டேதான் இருக்கும். ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஷெங்கன் ஒப்பந்தம் 1985இல் கையெழுத்தானது, ஐரோப்பாவில் ஒரு தலைமுறையே சோதனைச் சாவடி என்றால் என்னவென்று தெரியாமல் வளர்ந்தது. அப்படியிருந்தும் 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் மறுபடி சோதனையைக் கொண்டுவந்தது, குடியேற்ற அரசியல்தான் காரணம். வழக்கமாகப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறவர் காரிலோ பஸ்ஸிலோ காத்திருக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் வெர்மான்டில் டெர்பி லைன், கனடாவின் க்யூபெக்கில் ஸ்டான்ஸ்டெட். இரண்டும் ஒட்டிய ஊர்கள். நடுவில் ஹாஸ்கெல் நூலகம், 1904இல் வேண்டுமென்றே எல்லைக் கோட்டின் மேல் கட்டினார்கள், வாசிப்பு அறையின் தரையில் கறுப்புக் கோடு ஒன்று ஓடும். வாசல் அமெரிக்கப் பக்கம். கனடாக்காரர்கள் நடைபாதையில் சில அடி நடந்து வந்து உள்ளே போவார்கள், யாரும் பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக நடந்த அந்த வழக்கத்தை அமெரிக்கா 2025இல் நிறுத்தியது, கனடாப் பக்கம் தனி வாசல் ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது. இதற்குத் தொற்றுநோய் எதுவும் காரணமில்லை.

பழகிய வழக்கத்தை உரிமை என்று நினைத்து வீடு வாங்காதீர்கள். எழுத்தில் இருப்பது என்ன, பழக்கத்தில் நடப்பது என்ன என்று பிரித்துக் கேளுங்கள். "இங்கே யாரும் கேட்க மாட்டார்கள்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னால், அது பழக்கம்.

மறுகரை

நான் இந்த இழையில் கொஞ்சம் எதிர்த்துப் பேசப்போகிறேன், ஏனென்றால் எல்லாரும் சேர்ந்து அவரைத் துரத்திவிடுவீர்கள் போலிருக்கிறது.

எல்லையோரத்தில் வளர்ந்தவள் நான். என் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்கிறார்கள். இரண்டு நாட்டுச் செய்தியையும் கேட்டு, ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகச் சொல்வதைச் சின்ன வயதிலேயே பார்த்துவிடுகிறார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் என்றால் அவர்களுக்குச் செய்தியில் வருகிற "அவர்கள்" இல்லை, கால்பந்து அணியில் கோல்கீப்பராக நிற்கிற பையன். இந்தக் கல்வி தலைநகரத்தில் எந்தப் பள்ளியிலும் கிடைக்காது.

எல்லோரும் மூடிய கதையையே சொல்கிறீர்கள். பாசலைப் பாருங்கள். சுவிட்சர்லாந்து ஊர், ஆனால் அதன் டிராம் 2014 டிசம்பரில் ஜெர்மனியின் வைல் அம் ரைனுக்குள் போக ஆரம்பித்தது, 2017 டிசம்பரில் பிரான்சின் சான் லூயிக்குள்ளும் நீண்டது. பைரனீஸ் மலையில் செர்டான்யா என்று ஒரு பள்ளத்தாக்கு, 1659 ஒப்பந்தம் அதை ஸ்பெயினுக்கும் பிரான்சுக்குமாகப் பிளந்துவிட்டது. பிரான்ஸ் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக மலையிறங்கி வெகுதூரம் ஓட வேண்டும், குளிர்காலத்தில் பனி வேறு. இரண்டு நாடுகளும் பணம் போட்டு ஸ்பெயின் பக்கத்தில் புய்ச்செர்டாவில் பொதுவாக ஓர் ஆஸ்பத்திரி கட்டி 2014இல் திறந்தார்கள். இரண்டு நாட்டு நோயாளிகளும் அங்கேதான் போகிறார்கள். எல்லையோரத்து ஆட்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டுத்தான் இப்படி நடந்தது.

ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் ஊருக்கும் சுவிட்சர்லாந்தின் க்ரொய்ஸ்லிங்கனுக்கும் நடுவே 2020இல் வேலி போட்டார்கள் என்பது உண்மை. ஆட்கள் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கையைப் பிடித்துக்கொண்டார்கள், அதனால் சற்றுத் தள்ளி இரண்டாவது வேலியும் போட்டார்கள். ஆனால் மே மாதமே இரண்டையும் எடுத்துவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் எடுத்ததற்கு அந்த இரண்டு ஊர்க்காரர்களும் மேயர்களும் விடாமல் குரல் கொடுத்ததும் ஒரு காரணம். ஆகவே ஊர் எவ்வளவு சின்னது என்று மட்டும் பார்க்காதீர்கள், இரண்டு பக்கத்து ஊராட்சிகளும் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று பாருங்கள். தீயணைப்பு வண்டி கோட்டைத் தாண்டி வருமா, ஆம்புலன்ஸ் வருமா, அதற்கு எழுத்தில் ஒப்பந்தம் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் அந்த ஊரில் நான் கண்ணை மூடிக்கொண்டு குடியேறுவேன்.

நெடுஞ்சாலை_இல்லை

மறுகரை சொன்ன ஆம்புலன்ஸ் விஷயம் முக்கியம், அதை நான் விட்டுவிட்டேன். மற்றபடி பாசலும் செர்டான்யாவும் ஷெங்கன் ஊர்கள். புதுமனையின் எல்லை எங்கே என்று நமக்குத் தெரியாது. அங்கே நடந்ததை எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது அம்மா.

மறுகரை

பொருத்தவில்லை. இப்படியும் நடக்கும் என்று காட்டுகிறேன்.

கணக்குப்பிள்ளை

அந்தப் பக்கம் வேலை, இந்தப் பக்கம் வீடு என்பதால் வரியைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும்.

பொதுவாக வேலை செய்கிற நாடு முதலில் வரி எடுக்கும், குடியிருக்கிற நாடும் கணக்குக் கேட்கும். இரண்டு முறை கட்டாமல் இருக்க இரு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லைத் தொழிலாளருக்கு அதில் தனி விதி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சமூகக் காப்பீடு வேறு, வரி வேறு, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வேலை பார்க்கும் நாட்டில்தான் காப்பீட்டுத் தொகை கட்டுவீர்கள், ஆனால் வேலை முழுதாகப் போய்விட்டால் பொதுவாக குடியிருக்கிற நாட்டில்தான் உதவித்தொகை கேட்க வேண்டும். இது தெரியாமல் வேலை போன வாரத்தில் தவறான அலுவலகத்தில் வரிசையில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணவர் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பாரா? அப்படியென்றால் கவனம். அவர் எந்த மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார் என்பதே வரியை மாற்றும். 2023 ஜூலையிலிருந்து ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து, பாதிக்கும் குறைவான நேரம் வீட்டிலிருந்து வேலை பார்த்தால் காப்பீடு முதலாளியின் நாட்டிலேயே தொடரலாம் என்று ஒப்புக்கொண்டன. பிரான்சும் சுவிட்சர்லாந்தும் வரிக்கு 40 சதவீதம் என்று தனியாக ஒரு வரம்பு வைத்தன. ஒரே ஆளுக்கு வரிக்கு ஒரு வரம்பு, காப்பீட்டுக்கு இன்னொரு வரம்பு. சம்பளப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஊருக்கும் இதில் பங்கு உண்டு. வேலை பார்க்கிறவர் வரி அந்தப் பக்கம் போய்விட்டால், இந்தப் பக்கத்துப் புறநகர் எதை வைத்துப் பள்ளியும் சாக்கடையும் போடும்? சுவிட்சர்லாந்தின் ஜெனீவா 1973 ஒப்பந்தப்படி, அங்கே வேலை பார்க்கிற எல்லைக்காரர்களின் மொத்தச் சம்பளத்தில் 3.5 சதவீதத்தைப் பக்கத்து பிரெஞ்சு மாவட்டங்களுக்கு வருஷாவருஷம் கொடுக்கிறது. இப்படி ஓர் ஏற்பாடு இல்லாத எல்லைகளில் வீடுகள் பெருகும், வகுப்பறைகள் பெருகாது. உங்கள் பிள்ளைகளின் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள், ஊராட்சியின் நிலைமை அதிலேயே தெரிந்துவிடும்.

நடுநிசி

இன்னும் சில சின்ன விஷயங்கள். குழாய் உடைந்தால் அந்தப் பக்கத்துப் பிளம்பர்தான் பக்கத்தில் இருப்பார், ஆனால் வேலை அனுமதி இல்லாமல் அவர் இந்தப் பக்கம் வந்து கருவிப்பெட்டியைத் திறக்க முடியாது. சுங்கத்தில் அவர் வண்டியில் கருவிகளைப் பார்த்தாலே கேள்வி கேட்பார்கள். விறகு, பழம், இறைச்சி, மண்ணோடு இருக்கிற செடி இவற்றைச் சாதாரணமாகக் காரில் வைத்துக்கொண்டு கடக்காதீர்கள், பூச்சியும் நோயும் பரவும் என்பதால் பல நாடுகள் தடுக்கின்றன, அபராதமும் போடுவார்கள். நண்பர் வீட்டிலிருந்து கொடுத்த ஒரு தொட்டிச் செடி கூட அப்படித்தான். மலிவு என்று பெட்ரோல் போடப் போவதற்கும் விதி உண்டு. சிங்கப்பூர் வண்டி மலேசியாவுக்குள் போகும்போது டேங்கில் முக்கால் பங்கு இருந்தே ஆக வேண்டும் என்பது சிங்கப்பூர்ச் சட்டம், இல்லையென்றால் திருப்பி அனுப்பி அபராதமும் போடுவார்கள்.

வாசல்_எங்கே

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்று சொல்ல வேண்டும். எல்லையை ஒட்டி இருந்தால் காவல் என்பதே வேறாகிவிடும். அமெரிக்காவில் எல்லையிலிருந்து 100 மைல் வரை எல்லைக் காவல் துறைக்குக் கூடுதல் அதிகாரம் உண்டு, 25 மைலுக்குள் வாரண்ட் இல்லாமலே தனியார் நிலத்துக்குள் வரலாம், வீட்டுக்குள் மட்டும் கூடாது. நெடுஞ்சாலையில் நிரந்தரச் சோதனைச் சாவடி வைத்து ஒவ்வொரு காரையும் நிறுத்திக் குடியுரிமை கேட்கலாம் என்று 1976இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எல்லையைத் தாண்டவே மாட்டேன், ஊருக்குள்தான் இருப்பேன் என்கிறவரும் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகும்போது நிறுத்தப்படலாம்.

எங்களைப் போல முகமும் பெயரும் வேறாக இருக்கிற குடும்பங்களுக்கு இது இன்னும் கூடுதலாகத் தெரியும். ஒரே அதிகாரி வாரம் முழுக்க நம்மைப் பார்த்திருந்தும் "எங்கே போகிறீர்கள், யாரைப் பார்க்க" என்று முதல் நாள் போலவே கேட்பார். பக்கத்து வீட்டுக்காரரைக் கையசைத்து அனுப்புவார். என் பெரியவள் பன்னிரண்டு வயதில் "நம்மை மட்டும் ஏன் அம்மா ஓரமாக நிறுத்தச் சொல்கிறார்கள்" என்று கேட்டாள். பதில் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். நீங்களும் அதற்குத் தயாராக இருங்கள். குடியேறும் முன் அங்கே ஏற்கெனவே இருக்கிற நம்மைப் போன்ற ஒரு குடும்பத்தோடு பேசிவிடுங்கள், தரகர் இதை ஒருநாளும் சொல்ல மாட்டார்.

மறுகரை

இது எனக்குத் தெரியாத பக்கம். என் முகம் அந்த ஊர் முகம், அதனால் நான் இதைப் பட்டதில்லை. எழுதியதற்கு நன்றி. அவர் முடிவெடுக்கும்போது என் பதிவை விட இதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

புதுமனை

எல்லோருக்கும் நன்றி, உண்மையாகவே. நேற்று ராத்திரி நாங்கள் இருவரும் உட்கார்ந்து நெடுஞ்சாலை_இல்லை சொன்ன தாளை எழுதினோம். தண்ணீர், மின்சாரம், ஆரம்பப் பள்ளி, மருந்துக்கடை நம் பக்கம். உயர்நிலைப் பள்ளியும் நம் பக்கம்தான், ஆனால் பஸ் சுற்றிப் போகும். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் பக்கத்தில், நம் பக்கத்தில் தூரம். ஆம்புலன்ஸ் ஒப்பந்தம் உண்டா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டோம், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். கணவர் திங்கட்கிழமை காலை போய்ப் பார்க்கப்போகிறார். வாசல்_எங்கே சொன்னது என் மனதில் அப்படியே நிற்கிறது, அங்கே இருக்கிற ஒரு குடும்பத்தின் தொடர்பு ஒரு தோழி மூலம் கிடைத்திருக்கிறது. வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்று மட்டும் இன்னும் குழப்பம்.

கோட்டோரம்

வாடகைக்கு எடுங்கள். ஒரு குளிர்காலம், ஒரு கோடை விடுமுறை இரண்டையும் அங்கே பார்த்த பிறகு வாங்குவதைப் பேசலாம். எல்லையோர வீட்டின் விலை அந்தப் பக்கத்துக்காரர்கள் வந்து வாங்குவதை நம்பித்தான் நிற்கும், கெடுபிடி வந்தால் முதலில் அதுதான் இறங்கும், விற்றுவிட்டுக் கிளம்பலாம் என்று நினைக்கிற அதே நேரத்தில் வாங்க ஆள் இருக்காது. ஒப்பந்தத்தில் கணவரின் வேலை அனுமதி ரத்தானால் முன்னறிவிப்போடு காலி செய்யலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் எல்லையோரத்து ஆள் என்றால் அவருக்கே காரணம் புரியும்.

ஆம்புலன்ஸ் பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள், வாய்வார்த்தையாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.